பழைய போர் விமானத்தில் ஏறுவதற்கு முன்

2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்ததிலிருந்து என்னிடம் பலர் கேட்பது ரஃபேலைப் பற்றி அல்ல, இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்கு விமானமான டகோட்டாவைப் பற்றித்தான். 'இவ்வளவு பழசு எப்படி சார் பறக்குது, நம்பி ஏறலாமா?' மீனம்பாக்கத்தில் விமானங்களின் உடல் தகடுகளைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால் கேட்கிறார்கள், தப்பில்லை. இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. லண்டனில் இருக்கும் பிள்ளை, அப்பாவின் பிறந்தநாளுக்கு அதே போர்க் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரில், இரட்டை இருக்கை வைத்த ஒன்றில், ஒரு சுற்று புக் செய்துவிடுகிறான். இதை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

'எல்லாமே 1940இல் செய்த ஒரிஜினல் பாகங்கள்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஒரு மெக்கானிக்காக எனக்கு வயிற்றைக் கலக்கும். அலுமினியம் இரும்பு மாதிரி செந்துருவாகக் காட்டிக்கொடுக்காது. ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி கோடு போட்டிருக்கும், பெயிண்ட் லேசாக உப்பியிருக்கும், அவ்வளவுதான் வெளியே தெரியும். ரிவெட்டைத் துளைத்து எடுத்துத் தகட்டைப் பிரித்தால்தான் உள்ளே உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்திருப்பது தெரியவரும். கடற்காற்று அடிக்கிற நம் ஊரில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. தகடே இப்படியென்றால், எண்பது வருஷம் வெளியில் கிடந்த இறக்கையின் ஸ்பாரை, அதாவது இறக்கையைத் தாங்கும் உள் உத்தரத்தை, எந்த தைரியத்தில் நம்புவது?

ஆர்4118 என்ற எண் கொண்ட ஹரிக்கேனின், அதுவும் பிரிட்டிஷ் சண்டை விமானம்தான், கதையைக் கேளுங்கள். 1940இல் பிரிட்டன் மீது ஜெர்மனி நடத்திய வான் போரில் 605ஆம் ஸ்குவாட்ரனில் 49 தடவை சண்டைக்குப் பறந்த விமானம் அது. 1943 கடைசியில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள், 1947இல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துக்குப் பொறியியல் மாணவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்கள். அப்புறம் அது அங்கேயே வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பீட்டர் வேச்சர் என்ற ஆங்கிலேயர் அதை 1982இல் பார்த்தார். கையில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோக 2001 ஆகிவிட்டது. நம் அரசு அலுவலகங்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. 2004 டிசம்பரில் அது மறுபடி பறந்தது. ஹரிக்கேனின் நடு ஸ்பார் சாதாரணக் குழாய் அல்ல, பன்னிரண்டு பட்டை வைத்து உருட்டிய எஃகு. அதைச் செய்யும் கலையே மறந்துபோய், மறுசீரமைப்பவர்கள் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

பி7350 என்ற ஸ்பிட்ஃபயரைப் போர் முடிந்ததும் வெறும் 25 பவுண்டுக்குக் காயலான் கடைக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு அதன் வரலாறு தெரிந்ததும் உடைக்க மனம் வராமல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த வான் போரில் சண்டையிட்ட ஸ்பிட்ஃபயர்களில் பிரிட்டிஷ் விமானப்படையிடம் இன்றும் பறக்கும் நிலையில் இருப்பது இதுதான். குண்டு துளைத்த இடங்களில் போட்ட ஒட்டுகள் இன்னும் அதன் இறக்கையில் தெரியும். என்3200 நிலைமை வேறு: 1940 மே மாதம் பிரான்சின் சாங்காட் கடற்கரையில் இறங்கி, மணலில் புதைந்து, 1986இல் வெளியே தெரிந்து, 2014இல் பறந்தது. நாற்பத்தாறு வருஷம் உப்பு மணலில் ஊறிய தகட்டை யாரும் வானத்துக்கு அனுப்ப மாட்டார்கள். பெயர்ப் பலகையும் தேறிய சில பாகங்களும் பழசு, பெரும்பகுதி புதுசு. 'அப்ப இது ஏமாத்து இல்லையா?' என்பார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கு திருச்சி பெல்லில் செய்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டார்கள், அதற்காக அது ஆழித்தேர் இல்லை என்று சொல்கிறோமா? மெரினாவில் பறந்த டகோட்டாவிலும் விபி905 என்று எழுதியிருப்பது, 1947 அக்டோபர் 27இல் ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய விமானத்தின் எண்தான். அந்த விமானமே அல்ல. மரியாதைக்காக இட்ட எண்.

சரி, பாதுகாப்பு. பிரிட்டனில் இந்த ஸ்பிட்ஃபயர்கள் பறப்பது ‘பெர்மிட் டு ஃப்ளை’ என்ற தனி அனுமதியில். நீங்கள் லண்டனுக்குப் போன பயணிகள் விமானத்தின் தரச்சான்று இதற்குக் கிடையாது. இது தெரிந்துதான் ஏறுகிறேன் என்று உங்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவார்கள். பலர் அந்தக் காகிதத்தைப் படிக்காமலே போடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

2011இல் அமெரிக்காவின் ரீனோவில் பந்தயத்துக்காக ஏகமாக மாற்றியமைத்த பி-51 முஸ்டாங் விழுந்து, விமானியும் பார்க்க வந்த பத்துப் பேரும் இறந்தார்கள். வால் பக்கத்து ட்ரிம் டேப் என்ற சின்ன மடிப்புத் தகட்டைப் பிடித்திருந்த, கழன்றுவிடாமல் இறுக்கும் லாக் நட்டுகளின் உள்வளையம் தேய்ந்துபோய், திருகுகள் தளர்ந்திருந்தன என்று விசாரணை சொன்னது. விரல் நுனி அளவு சாமான். 2019இல் அமெரிக்காவில் கட்டணப் பயணிகளோடு கிளம்பிய பி-17 குண்டுவீச்சு விமானத்தில் 13 பேர் இருந்தார்கள், 7 பேர் இறந்தார்கள். விமானியின் தவறோடு, எஞ்சினுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் மேக்னெட்டோ, ஸ்பார்க் ப்ளக் பராமரிப்பில் குறைகளும் வெளியே வந்தன. எத்தனை வருஷப் பழசு என்பதை விட, கடைசியாக யார் திறந்து பார்த்தார், எதைக் கழற்றிப் புதிதாகப் போட்டார் என்பதே கேட்க வேண்டியது.

ஆகவே புக் செய்யும் முன் கேளுங்கள்: ஸ்பார் எந்த வருஷம் செய்தது, எஞ்சினை முழுசாகப் பிரித்துப் பார்த்த பிறகு எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறது, பராமரிப்பு யார் கையில்? நல்ல இடங்களில் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்கள், ஹேங்கருக்கே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மழுப்பினால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தரையில் நின்றே ஸ்பிட்ஃபயரின் அந்த மெர்லின் எஞ்சின் சத்தத்தைக் கேளுங்கள். அதற்கு யாரிடமும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.