சிசுரோகமா, குழந்தைகள் நலமா?

எங்கள் குமரி மாவட்டத்தில் களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம், தக்கலை என்று வரும் வழியில் 'சிசுரோக நிபுணர்' என்ற பலகை கண்ணில் படும். அதையாவது பழக்கம் என்று விடலாம். இப்போது மருத்துவக் கல்லூரித் துறைகளைத் தமிழில் அறிமுகப்படுத்துபவர்கள்கூட 'சிசு நோயியல் துறை' என்று எழுதுகிறார்கள். இது தவறு.

குழந்தைகளுக்கான இந்த மருத்துவத் துறைக்கு ஆங்கிலத்தில் பீடியாட்ரிக்ஸ் என்று பெயர். அது கிரேக்க வேர்களிலிருந்து வந்தது. 'பைஸ்' என்றால் குழந்தை, 'இயாட்ரோஸ்' என்றால் மருத்துவர். மூலத்தில் நோய் என்ற சொல்லே கிடையாது.

சரி, சிசு எங்கிருந்து வந்தது? எங்கள் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. இன்றைக்கும் பிள்ளைக்கு முடியவில்லை என்றால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. அங்கே பலகையில் படிக்கிற 'சிசுரோக விபாகம்' (விபாகம் என்றால் பிரிவு) அப்படியே நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. மலையாளத்தில் அதில் பிழை இல்லை. நவம்பர் 14 அவர்களுக்குச் சிசுதினம்; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதில் சேர்த்தி. தமிழில் அதே நாள் குழந்தைகள் தினம். நம்மிடம் சிசு என்ற சொல் சுருங்கிவிட்டது. சிசு மரண விகிதம் என்றால் ஒரு வயது நிறையுமுன் இறப்பவர்களின் கணக்கு மட்டும்தான். ஆஸ்துமாவால் மூச்சு வாங்கும் ஒன்பது வயதுப் பையனைக் கூட்டிவரும் தாய், 'சிசு' என்ற பலகையைப் பார்த்தால் இது கைக்குழந்தைகளுக்கான இடம் என்று தாண்டிப் போய்விடுவாள். பலகை வைப்பதே ஆளுக்கு வழி காட்டத்தானே?

அதைவிட மோசம் 'நோயியல்'. அது பேத்தாலஜிக்கு உரிய சொல். திசுவை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கிற துறை அது. ஒரே கல்லூரியில் இரண்டு துறைக்கும் நோயியல் என்று பெயர் வைத்தால், முதலாண்டு மாணவன் எதை எதுவென்று படிப்பான்?

அப்புறம், அந்தத் துறையில் நடக்கும் வேலையில் நோய் ஒரு பங்குதான். அங்கே வரும் மாணவர் ஆரம்பத்திலேயே கற்பது எடை, உயரம், தலைச்சுற்றளவு எடுப்பதும், மருந்தை எடைக்குத் தக்கபடி கணக்கிடுவதும். தடுப்பூசியும் தாய்ப்பாலும் நோயில்லாத பிள்ளைக்கும் வேண்டியவை. ஆராய்ச்சியும் அப்படித்தான். திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய வளர்ச்சிப் பரிசோதனை அட்டவணையில் 17 செயல்கள். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரைக்கும் உள்ளது. வயதுக்கோட்டின் மேல் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்தால், அதற்கு இடப்பக்கம் பட்டை முடிகிற செயல்களையெல்லாம் பிள்ளை செய்திருக்க வேண்டும். அங்கன்வாடி ஊழியரும் பார்த்துவிடலாம். அந்தப் பதினேழில் கைகொட்டி விளையாடுவதும் ஒன்று. பிள்ளைத்தமிழில் ஒன்பதாம் மாதத்துக்கு வைத்த சப்பாணிப் பருவம் அதேதான்! தலையசைத்தாடும் ஐந்தாம் மாதச் செங்கீரை, நடந்து வரச்சொல்லி அழைக்கும் பன்னிரண்டாம் மாதத்தை ஒட்டிய வாரானை என்று வளர்ச்சியை மாதக்கணக்கில் பார்த்த மொழிக்கு, இந்தத் துறையை 'ரோகம்' என்று சொல்ல என்ன அவசியம்?

தனித்தமிழ் ஆர்வலர்கள் சிலர் 'குழவி மருத்துவம்' என்கிறார்கள். குழ என்ற ஒரே வேரில் பிறந்தவைதான் குழவியும் குழந்தையும். இளமை என்று பொருள். ஆனால் இன்றைக்குக் குழவி என்றால் வீட்டில் அம்மிக்குழவிதான். பழையது என்பதற்காக மட்டும் ஒரு சொல்லை எடுத்துப் பலகையில் மாட்டக் கூடாது.

புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். சித்த மருத்துவப் பட்டமேற்படிப்பில் 'குழந்தை மருத்துவம்' என்றே ஒரு பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் 'குழந்தைகள் நலம்' நன்றாகப் பழகிவிட்டது. படிப்புக்குக் குழந்தை மருத்துவம், துறைக்குக் குழந்தைகள் நல மருத்துவத் துறை, பிறந்து 28 நாள் வரைக்கும் உள்ளவர்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பிரிவு. மொழிபெயர்ப்பவர்கள் பக்கத்து மாநிலப் பலகையை எழுத்துக்கூட்டிப் பெயர்ப்பதை விட்டுவிட்டு, ஒரு முறை அந்த வார்டுக்குள் போய், வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் வயதைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.