மெமரி: நினைவகமா, சேமிப்பகமா?

"கம்ப்யூட்டர்ல மெமரி பத்தலைன்னு வருதுப்பா. எதைத் தொட்டாலும் சுத்திக்கிட்டே நிக்குது" என்று பெங்களூர் ஸ்ரீராமபுரத்திலிருந்து பெரியப்பா போன் செய்தார். "வேண்டாத படம், வீடியோ எல்லாத்தையும் அழிச்சிடுங்க பெரியப்பா, சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர் இரண்டு மாலை உட்கார்ந்து 11 ஜிபி அளவுக்குப் படங்களை அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். கணினி முன்பு போலவே நின்று நின்றுதான் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை நான் இருக்கும் அல்சூரிலிருந்து கிளம்பிப் போய்ப் பார்த்தேன். படங்களும் கோப்புகளும் இருக்கும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்கில் பாதிக்கு மேல் ஏற்கெனவே காலியாகக் கிடந்தது. நிரம்பி வழிந்தது, வேலை நடக்கும்போது மட்டும் கணினி பயன்படுத்தும் 4 ஜிபி ரேம். திரையில் வந்த எச்சரிக்கை சரி, பெரியப்பா அதைப் படித்துச் சொன்னதும் சரி. மெமரி என்ற சொல்லை நான் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. அழிந்தவற்றில் பெரியம்மா பிறந்து வளர்ந்த கோலார் தங்கவயல் வீட்டின் படங்களும் இருந்தன. இந்த ஒரு சொல்லைப் பற்றி உட்கார்ந்து எழுத வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மெமரி ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனின் மெமோரியா. மெமோர் என்றால் 'நினைவில் வைத்திருக்கிற' என்று பொருள். இதன் வேரையும் வடமொழியின் ஸ்மிருதி, ஸ்மரணம் ஆகியவற்றின் வேரையும் மொழியியலாளர்கள் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுகிறார்கள். நம்முடைய 'நினை' வேறு குடும்பம், திராவிடச் சொல். பெங்களூரில் இருப்பவர்கள் இதற்குச் சான்று தேடி அகராதி வரை போக வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் "நெனபிதெயா?" என்று கன்னடத்தில் கேட்டால் யோசிக்காமலே நமக்குப் புரிந்துவிடும். கன்னடத்தின் நெனபு, மலையாளத்தின் நினவு, தமிழின் நினைவு மூன்றும் உடன்பிறப்புகள். பேச்சில் நாம் அதிகம் புழங்கும் 'ஞாபகம்' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் 'தெரியப்படுத்துவது' என்று பொருள். தமிழுக்கு வந்த பிறகு அது நினைவைக் குறிக்கத் தொடங்கிவிட்டது.

மனிதனுக்கு உரிய சொல் எந்திரத்துக்கு எப்படிப் போனது? 1830களில் பகுப்பாய்வுப் பொறி என்ற கணக்கிடும் எந்திரத்தைத் திட்டமிட்ட ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜ் வேறு சொற்களைப் பிடித்தார். எண்களை வைத்திருக்கும் பகுதிக்குக் கிடங்கு என்ற பொருளில் ஸ்டோர் என்றும், கணக்குப் போடும் பகுதிக்கு ஆலை என்ற பொருளில் மில் என்றும் பெயர் வைத்தார். கிடங்கிலிருந்து எடு, ஆலையில் அரை, மறுபடி கிடங்கில் வை. எனக்கு இது குதிரும் உரலுமாகத்தான் தெரிகிறது. 1945இல் எட்வாக் கணினிக்கான அறிக்கையை எழுதிய கணிதவியலாளர் ஜான் வான் நியூமன், எந்திரத்தின் பகுதிகளை மனித நரம்பு மண்டலத்தோடு ஒப்பிட்டார், அவற்றை உறுப்புகள் என்றே அழைத்தார். எண்களையும் கட்டளைகளையும் வைத்திருக்கும் உறுப்புக்கு அதில் மெமரி என்று பெயர். பிரிட்டனில் ஸ்டோர் என்ற பழைய சொல் வெகுகாலம் தொடர்ந்தது. அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம் ஸ்டோரேஜ் என்று எழுதியது. 1956இல் அந்த நிறுவனம் கொண்டுவந்த முதல் வட்டு இயக்ககத்தில், அதாவது ஹார்ட் டிஸ்கில், 2 அடி விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகள்.

வேலை நடக்கும்போது கையருகே வைத்திருப்பது ஒன்று, வேலை முடிந்ததும் எடுத்து வைப்பது இன்னொன்று. இந்த வேறுபாடு கணினித் துறையில் அப்போதிருந்தே தெளிவாக இருந்தது. அதைக் கலக்கியது செல்போன். 2000களில் நம் எல்லோர் கைக்கும் வந்த போன்களில் 'போன் மெமரி' என்றும் 'மெமரி கார்டு' என்றும் இருந்தன. இரண்டிலும் வைத்தது பாட்டும் படமும்தான். போனை அணைத்தாலும் அவை அழியாது. பொறியாளர்களைக் கேட்டால் பெயரில் பிழை இல்லை என்பார்கள். அந்த அட்டைக்குள் இருப்பது ஃப்ளாஷ் மெமரி என்ற சில்லு. ஜப்பானிய நிறுவனமான தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1984இல் உலகுக்கு அறிவித்தது. சில்லு வகையால் அது மெமரி, செய்யும் வேலையால் அது கிடங்கு. நமக்குத் தெரிந்தது வேலை மட்டும். அதனால் தமிழர் வீடுகளில் மெமரி என்றால் 'படம் வைக்கும் இடம்' என்று ஆகிவிட்டது. மெமரி ஃபுல் என்றதும் கை தானாகப் படங்களை அழிக்கப் போவது இந்தப் பழக்கத்தால்தான். போனில் அது பலித்தது. பெரியப்பாவின் கணினியில் பலிக்கவில்லை. அரிசி புடைக்கும் முறம் சின்னதாக இருக்கிறது என்று குதிரில் உள்ள நெல்லை வெளியே கொட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் நான் அவரைச் செய்ய வைத்தேன்.

சரி, தமிழுக்கு வருவோம். நினைவகம் என்பது பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல். நினைவு, அகம் இரண்டும் சேர்ந்தது. அகம் என்றால் உள், வீடு, இடம். நூலகம், அச்சகம், மருந்தகம் போல இதுவும் இயல்பாக நாக்கில் உட்கார்கிறது. இதே சொல்லை மறைந்த தலைவர்களின் நினைவாக எழுப்பும் கட்டடத்துக்கும் வைத்திருக்கிறோம். ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் பேக்கரும்பில் இருக்கும் அப்துல் கலாம் நினைவகம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே நினைவு நிலைத்து நிற்க வேண்டும். கணினியின் நினைவகத்திலோ மின்சாரம் போன கணத்தில் எல்லாம் போய்விடும். ரேமில் தகவலின் ஒவ்வொரு துணுக்கும் (பிட்) கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால் வழக்கமாக 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. எனக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருக்கிறது. மனித நினைவும் அப்படித்தானே, திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இருக்கும்.

ரேம் என்பதன் விரிவான 'ரேண்டம் ஆக்சஸ் மெமரி'யை 'தற்போக்கு அணுகு நினைவகம்' என்று பெயர்ப்பதை மட்டும் நான் ஏற்பதில்லை. தற்போக்கு என்றால் தன் போக்கில் போவது. ரேம் அப்படி எதுவும் அலைவதில்லை. ஒலிநாடாவில் கடைசிப் பாட்டைக் கேட்க முழு நாடாவையும் ஓட்ட வேண்டும். ரேமில் எந்த அறையில் இருப்பதையும் நேராகப் போய், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுக்கலாம். மூலச்சொல் சொல்ல வந்தது அதைத்தான். 'நேரணுகு நினைவகம்' என்றால் பொருளும் சரி, சொல்லவும் எளிது. வீட்டில் பேசும்போது நினைவகம் என்றாலே போதும்.

போதும் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம், மற்றதற்கு நம்மிடம் தனிச்சொல் இருப்பதுதான். சேமிப்பகம். சேமி என்பதன் அடி சேமம். அது வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது என்று சிலர் தயங்குகிறார்கள். விதைநெல்லைச் சேமித்த காலத்திலிருந்து நம்மோடு இருக்கும் சொல்லைத் தள்ளி வைக்க எனக்கு மனம் வரவில்லை. சேமிப்பகத்துக்குள் சுழலும் பொருளுக்கு வட்டு. அது அழகான பழஞ்சொல். திருக்குறளின் கல்லாமை அதிகாரத்திலேயே வட்டாடுதல் வருகிறது. ஹார்ட் டிஸ்கை வன்வட்டு என்றும் நிலைவட்டு என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் எனக்குச் சம்மதம். ஆனால் அதை 'இரண்டாம் நிலை நினைவகம்' என்று எழுதும்போது ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தை நாமும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். மெமரி கார்டை 'நினைவக அட்டை' என்பதும் அப்படியே. 'சேமிப்பு அட்டை' என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் அதன் வேலை புரியும். இரண்டு பொருளுக்கு இரண்டு சொல் கையில் இருக்கும்போது ஒன்றை ஏன் இரண்டுக்கும் இழுக்க வேண்டும்?

இந்த இரண்டு சொல்லோடு பெரியப்பாவின் கணினி முன் உட்கார்ந்தால் நோய் எது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அவருடையதில் மெமரி 94 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம் என்று இருந்தது. இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. டிஸ்க் 100 என்றதும் வட்டு நிரம்பிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வட்டு ஓயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். வட்டில் எவ்வளவு இடம் மீதி என்பதை சி டிரைவில் தனியாகப் பார்க்க வேண்டும்.

காலியாகக் கிடக்கும் வட்டு ஏன் ஓயாமல் உழைக்கிறது? நினைவகத்தில் இடம் இல்லாதபோது இயங்குதளம் அங்கே சும்மா இருக்கும் பகுதிகளை எடுத்து வட்டில் ஒரு கோப்பில் வைக்கிறது. அதற்குப் பேஜ் ஃபைல் என்று பெயர், லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்வாப் என்பார்கள், தமிழில் இடமாற்று என்றால் பொருந்தும். ஏதாவது ஒரு ஜன்னலைச் சொடுக்கினால் வைத்ததை எடுத்து, வேறொன்றை அங்கே தள்ள வேண்டும். நினைவகத்தில் ஒன்றை எடுக்க ஆகும் நேரம் ஏறத்தாழ 100 நானோ வினாடி. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றும் வன்வட்டு ஒரு சுற்று முடிக்கவே 8 மில்லி வினாடிக்கு மேல் ஆகிறது. பல்லாயிரம் மடங்கு மெதுவான இடத்துக்குக் கணினி ஓடி ஓடித் திரும்புகிறது. பெட்டியில் காதை வைத்தால் அந்தக் கரகரப்பு கேட்கும், முன்பக்க விளக்கு அணையாமல் துடிக்கும். பெரியம்மா அதை "பெட்டி மூச்சு வாங்குது" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

சேமிப்பகம் உண்மையிலேயே நிரம்பிய கணினியும் மெதுவாகும். சி டிரைவில் இடமே இல்லை என்றால் இடமாற்றுக் கோப்பு வளர முடியாது, அப்போது நினைவகம் பத்தவில்லை என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வரும். அதற்கு மருந்து டிஸ்க் கிளீனப்பில் தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பது, குப்பைத் தொட்டியைக் காலி செய்வது, பெரிய வீடியோக்களை வெளி வட்டுக்கு மாற்றுவது. குப்பைத் தொட்டியில் கிடக்கும் வரை கோப்பு இடத்தை விடாது.

பெரியப்பாவுக்கு வேண்டியது அது இல்லை. கணினி எழும்போதே தானாக எழும் நிரல்களில் ஆறை நிறுத்தினேன். ஒன்றுக்கு இரண்டாக இருந்த வைரஸ் தடுப்பில் ஒன்றை நீக்கினேன். பிரவுசரில் திறந்து கிடந்த 23 தாவல்களை மூடினேன். 94 என்பது 78 ஆனது. ஆனாலும் விண்டோஸ் 11 நிறுவ வேண்டும் என்றால் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி. இன்றைய இணையப் பக்கங்களோடு 4 ஜிபியில் குடும்பம் நடத்த முடியாது. கணினிப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். "மெமரி வேணும்" என்றதும் கடைப்பையன் தலையைக்கூடத் தூக்காமல் "எந்த மெமரி, ரேமா டிஸ்கா?" என்று கேட்டான். நான் போனில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அடுத்து அவன் கேட்டது டிடிஆர் 3ஆ, 4ஆ என்று. இரண்டும் ரேமின் அடுத்தடுத்த தலைமுறைகள். மேசைக் கணினியில் முன்னதற்கு 240 ஊசிகள், பின்னதற்கு 288. நடுவில் உள்ள வெட்டின் இடமும் மாறியிருக்கும், ஒன்று மற்றதன் பள்ளத்தில் இறங்காது. பழைய ரேம் பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனதால் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்னைப் போக்கிவிட்டு, பழைய பட்டையின் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தேன். கறுப்பாக ஒட்டியது. ரப்பர்த் தூளை ஊதிவிட்டு, அதையும் வாங்கி வந்த புதிய பட்டையையும் மாட்டினேன். வெட்டைப் பார்த்து நேராக வைத்து இரு ஓரத்திலும் கட்டைவிரலால் அழுத்தினால் பக்கத்துக் கொக்கிகள் 'டக்' என்று தாமாக மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்கும்வரை அழுத்தத் தயங்க வேண்டாம். 8 ஜிபி ஆனது. நினைவகம் 46 சதவீதத்தில் நின்றது, விளக்கு துடிப்பதை விட்டது. வன்வட்டுக்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போட்டால் இன்னும் வேகம் வரும், அது அடுத்த சம்பளத்தில்.

அழிந்த படங்களில் 17 திரும்பக் கிடைத்தன. வன்வட்டில் ஒரு கோப்பை அழித்தால் கோப்புகளின் அட்டவணையிலிருந்து அதன் பெயர்தான் நீங்கும். அந்த இடத்தில் புதிது ஏதும் எழுதப்படாத வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அதனால் தவறிப்போய் அழித்தால் முதல் காரியம் கணினியை அணைத்துவிடுவது. பெரியப்பா நான்கு நாள் அதில் வேலை பார்த்துவிட்டார். தங்கவயல் படங்கள் எதுவும் அந்த 17இல் இல்லை.

பெரியம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய ஆல்பத்தை எடுத்து வைத்திருக்கிறார். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் இருந்த லைன் வீட்டு வாசலில் அவர் அப்பா சுரங்கத் தொப்பியோடு நிற்கும் படம் அதில் ஒட்டியிருக்கிறது, ஓரம் மட்டும் கொஞ்சம் பொரிந்திருக்கிறது. இந்த ஞாயிறு ஸ்கேனரை எடுத்துக்கொண்டு போகிறேன்.