ஃபாசில்: தோண்டியதா, புதைந்ததா?

ஃபாசில் என்றதும் பலருக்கும் எலும்புக்கூடுதான் நினைவுக்கு வரும். சொல்லின் பொருள் அதைவிட அகலமானது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கோ பல கோடி ஆண்டுகளுக்கோ முன் வாழ்ந்த ஓர் உயிர் மண்ணிலும் பாறையிலும் விட்டுச்சென்ற எதுவும் ஃபாசில்தான். பல், கிளிஞ்சல், இலையின் அச்சு, காலடித் தடம், புழு குடைந்த வளை, ஏன், சாணம்கூட அதில் அடங்கும்.

லத்தீன் மொழியில் ‘ஃபோடெரெ’ என்றால் தோண்டுதல். அதிலிருந்து பிறந்த ‘ஃபாசிலிஸ்’ என்ற சொல்லுக்குத் தோண்டி எடுக்கப்பட்டது என்று பொருள். உயிர் என்ற பேச்சே அதில் இல்லை. சுரங்கத் தொழிலையும் கனிமங்களையும் ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் கியோர்கியுஸ் அக்ரிகோலா 1546இல் ஃபாசில்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். களிமண், உப்பு, ரத்தினக்கல், உலோகம் எல்லாமே அதில் ஃபாசில்கள். பழைய உயிர்களின் எச்சத்துக்கு மட்டும் உரிய பெயராக அது சுருங்க மேலும் இரண்டரை நூற்றாண்டுகள் பிடித்தன.

அப்படிச் சுருங்கிய பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இங்கிலாந்தின் தென்கரைக்குப் போக வேண்டும். டெவன், டார்செட் மாவட்டங்களில் எக்ஸ்மவுத் தொடங்கி ஸ்டட்லாண்ட் விரிகுடா வரை சுமார் 150 கிலோமீட்டர் நீளும் ஜுராசிக் கடற்கரை, 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறை அடுக்குகள் கிழக்குப் பக்கமாக லேசாகச் சாய்ந்திருப்பதால், மேற்கே பழையவையும் கிழக்கே போகப் போகப் புதியவையும் வெளியே தெரிகின்றன. எக்ஸ்மவுத்தில் தெரியும் சிவப்புப் பாறை, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பாலைவனம் இருந்ததற்குச் சாட்சி. நடுவில் ஜுராசிக் காலக் கடல். கிழக்கு முனையில் கிரெட்டேசியஸ் காலத்து வெண்சுண்ணம். மொத்தம் 18.5 கோடி ஆண்டுக் கதை அது.

நடுவில் இருக்கும் லைம் ரீஜிஸ் ஊரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுண்ணாம்புக்கல் ஒரு வரி, கரிய களிப்பாறை ஒரு வரி என்று மாறி மாறி அடுக்கிய குன்றுகள் அங்கே கடலை ஒட்டி நிற்கின்றன. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடிச் சேறு. ஆக்சிஜன் குறைந்த அந்தச் சேற்றில் விழுந்த உடல்களைத் தின்ன வேறு உயிர்கள் அதிகம் வரவில்லை. மேலே வண்டல் படியப் படிய உடல் அழுத்தப்பட்டுக் கல்லாயிற்று. இன்று குளிர்கால மழையில் ஊறிய களிமண் சரிகிறது, சரிந்த மண்ணை அலை கழுவுகிறது, கனமான ஃபாசில்கள் கரையில் தங்குகின்றன. பக்கத்து ஊரான சார்மவுத்தில் விரல் நகம் அளவு அம்மோனைட் (அழிந்துபோன, ஓடுள்ள கடலுயிர்) சுருள்கள், ஓட்டின் இடத்தைப் பைரைட் என்ற பொன்னிறக் கனிமம் நிரப்பியதால், கருங்கூழாங்கற்களுக்கு நடுவே பொன்னாக மின்னுகின்றன. குன்றைத் தோண்டாதீர்கள், கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம் என்பதே அங்குள்ள விதிமுறை. நல்ல விதி அது, எடுக்காமல் விட்டால் அலை உடைத்துவிடும்.

ஃபாசில்களைத் தேடிச் சேகரித்த மேரி ஆனிங் (1799–1847) பிறந்த ஊரும் லைம் ரீஜிஸ்தான். இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவின் மண்டையோட்டை 1811இல் அவருடைய அண்ணன் ஜோசப் கண்டார். மிச்ச எலும்புகளை அடுத்த ஆண்டு கண்டெடுத்தவர் மேரி. இந்த விலங்குகளின் வயிற்றுப் பகுதியில் அடிக்கடி கிடந்த உருண்டைக் கற்களை உடைத்துப் பார்த்து, உள்ளே மீன் எலும்பும் செதிலும் இருப்பதையும் அவர் கவனித்தார். கல்லாகிப்போன சாணம் அது. 1829இல் ஆங்கிலேய நிலவியலாளர் வில்லியம் பக்லாண்ட் அதற்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ‘கொப்ரோலைட்’, அதாவது சாணக்கல், என்று பெயரிட்டார். பெயர் வைத்தவரோடு உண்மையைப் பார்த்தவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டில் புதைபடிவம், தொல்லுயிர் எச்சம் இரண்டும் புழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களில் உயிர்ச்சுவடு. லத்தீன் சொல், பொருள் நம் கைக்கு வந்த விதத்தைச் சொல்கிறது. புதைபடிவம் என்பதோ அது உண்டான விதத்தைச் சொல்கிறது. புதைவதும் உண்டு, வண்டல் படிவதும் உண்டு. லைம் ரீஜிஸ் குன்றில் நடந்ததும் அதுதானே. அதனால் பொதுச்சொல்லாக எனக்குப் பிடித்தது புதைபடிவம். தொல்லுயிர் எச்சம் என்பதை எலும்பு, ஓடு போன்ற உடல் மிச்சங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். காலடித் தடம் உடலின் மிச்சம் இல்லை, அங்கே உயிர்ச்சுவடுதான் கச்சிதம்.

மரம் கல்லானால் கல்மரம். இது மக்கள் வாயில் வழங்கும் சொல். விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் அடிமரங்களில், மரத்தின் இழைகள் இருந்த இடத்தைச் சிலிக்கா பிடித்திருக்கிறது. டார்செட்டின் லல்வொர்த் அருகே உள்ள தொல்காட்டில் நடந்தது வேறு. வெள்ளம் சூழ்ந்த மரங்களைச் சுற்றி நுண்ணுயிர்கள் சுண்ணாம்பு மேடு கட்டின. பெரும்பாலான மரங்கள் போய்விட்டன, நடுவில் குழியோடு கல் வளையங்கள் மட்டும் மிஞ்சியுள்ளன. அதைக் கல்மரம் என்று எழுதினால் தவறு. மரம் விட்டுப்போன வடிவம் அது, புதைபடிவம் என்பதே சரி.

அப்புறம், புதைபடிவ எரிபொருள். இலங்கையில் சுவட்டு எரிபொருள் என்பார்கள். பெட்ரோல் டைனோசர்களிலிருந்து வந்தது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதே கரையில் உள்ள கிம்மரிட்ஜின் கரிய களிப்பாறை அதற்குப் பதில் வைத்திருக்கிறது. கடலில் மிதந்த நுண்ணுயிர்கள் செத்துச் சேற்றில் சேர்ந்தவை அந்தப் பாறையில் நிறைந்துள்ளன. வட கடலுக்கு அடியில் இதே பாறை ஆழத்தில் புதைந்து, சூடேறி, அங்குள்ள எண்ணெயில் பெரும்பகுதியைத் தந்தது. அந்த எண்ணெயில் உயிரின் வடிவமோ தடமோ கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ‘புதைபடிவ எரிபொருள்’ என்ற சொற்றொடரில் முழுப் பொருளோடு நிற்கும் பகுதி ‘புதை’ என்பதுதான்.