டயாலிசிஸ் மெஷின் பழுதுபார்க்கும் பயிற்சிக்குப் போகுமுன்

பயிற்சிக்கு இடம் உறுதியானதும் பலரும் எரர் கோடு பட்டியலை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் சர்வீஸ் மேனுவலிலேயே இருக்கிறது, வேண்டும்போது புரட்டிக்கொள்ளலாம். தயாரிப்பாளர் நடத்தும் வகுப்பு பெரும்பாலும் சில நாள்தான், அதுவும் ஒரு குறிப்பிட்ட மாடலுக்கு. மெஷினுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதையும், அளந்து பார்க்காமல் எதையும் திருகாத பழக்கத்தையும் அங்கே அடியிலிருந்து சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. அவை நாம் கொண்டுபோக வேண்டியவை.

இவற்றுக்கும் முன்னால் ஊசி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதங்கள். கடைசி ஊசி போட்டு 1 முதல் 2 மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருள் மில்லி லிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக, முழுப் பாதுகாப்புக்கு ஏழெட்டு மாதம் ஓடிவிடும். பயிற்சிக்கு விண்ணப்பம் போடும் நாளிலேயே முதல் ஊசியையும் போட்டுக்கொள்வது நல்லது. ‘நாம் என்ன நோயாளியையா தொடுகிறோம்’ என்று நினைப்பவர்கள், மெஷினின் முகப்பில் பிரஷர் லைன் மாட்டும் முனையைக் கழற்றிப் பார்த்ததில்லை. அந்த லைனில் இருக்கும் சிறிய வட்ட ஃபில்டர் நனைந்தால் வார்டில் ஃபில்டரை மட்டும் மாற்றிவிடுவார்கள். நனைந்த ஃபில்டரைச் சிரிஞ்சால் காற்று அடித்துச் சரிசெய்யப் பார்த்திருந்தால் சவ்வு கிழிந்து, ரத்தம் உள்குழாய் வழியே சென்சார் வரை போயிருக்கலாம். வெளியே ஒரு துளி கறையும் தெரியாது. இந்த வைரஸ் உலர்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். கையுறையும் கண்ணாடியும் போடாமல் எந்த மெஷினின் மூடியையும் திறக்காதீர்கள்.

இனி தண்ணீரின் வழி. ஒரு வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து வரைந்து பாருங்கள்: உள்ளே வரும் ஆர்.ஓ. தண்ணீர் (சவ்வு வழியே சுத்திகரித்தது), அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு, வெப்பப் பரிமாற்றி, ஹீட்டர், காற்றைப் பிரிக்கும் பம்ப், ஆசிட்டும் பைகார்பனேட்டும் கலக்கும் இடம், கடத்துதிறனை (கலவை மின்சாரத்தைக் கடத்தும் அளவை) அளக்கும் செல், பேலன்ஸ் சேம்பர், பைபாஸ் வால்வு, டயலைசர் (ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டி), திரும்பி வரும் வழியில் ரத்தக் கசிவு சென்சார், மறுபடி பேலன்ஸ் சேம்பர், வடிகால். கம்பெனிக்குக் கம்பெனி வரிசை கொஞ்சம் மாறும். பிறகு உங்கள் மெஷினின் ஃப்ளோ டயகிராமை எடுத்து ஒப்பிட்டு, எங்கே தவறினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் வரைய வந்தவருக்கு வகுப்பின் முதல் நாளிலேயே பேச்சு புரியும்.

வரைந்தால் போதாது, கணக்கும் போட வேண்டும். டயாலிசேட், அதாவது கலந்து முடித்த திரவம், நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடுகிறது, 4 மணி நேரத்தில் 120 லிட்டர். 17 டிகிரியில் வரும் தண்ணீரை 37 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 700 வாட் வேண்டும். தண்ணீர் 10 டிகிரியில் வந்தால் அது 940 வாட் ஆகிறது. வெப்பப் பரிமாற்றி உள்ளே உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், வெளியேறும் சூடு வீணாகி முழுச் சுமையும் ஹீட்டர் தலையில் விழும். குளிர்ந்த காலையில் மட்டும் வெப்பநிலை அலாரம் அடிக்கும் மெஷினில் ஹீட்டரை மாற்றிப் பயனில்லாமல் போவது இதனால்தான்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். பேலன்ஸ் சேம்பரின் வேலை, உள்ளே அனுப்பிய அளவையே வெளியே எடுப்பது. நோயாளியின் உடலிலிருந்து 4 மணி நேரத்தில் 3 லிட்டர் எடுக்க வேண்டுமென்றால், அதைத் தனி யு.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன், உடலின் மிகை நீரை எடுப்பது) பம்ப் நிமிடத்துக்கு 12.5 மி.லி. வீதம் எடுக்கிறது. பேலன்ஸில் 1 சதவீதம் பிசகினால்? நிமிடத்துக்கு 5 மி.லி., மணிக்கு 300 மி.லி., சிகிச்சை முடியும்போது 1.2 லிட்டர். திரையில் 3 லிட்டர் என்றே இருக்கும். எடை மெஷினில்தான் குட்டு வெளிப்படும். சரியாக மூடாத ஒரு வால்வோ, அதன் இருக்கையில் மாட்டிய ஒரு உப்புத் துகளோ போதும். ‘இந்த மெஷினில் போட்டால் எடை சரியாக வருவதில்லை’ என்று நர்ஸ் சொன்னால், அலாரம் எதுவும் இல்லையே என்று தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

காற்று இதே இடத்தைக் கெடுக்கும் இன்னொரு எதிரி. குளிர்ந்த தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, சூடானதும் குமிழியாகப் பிரிகிறது. அதை முன்கூட்டியே உறிஞ்சி எடுக்கத்தான் காற்றைப் பிரிக்கும் பம்ப் வலுவான எதிரழுத்தத்தை (உறிஞ்சும் அழுத்தத்தை) உண்டாக்குகிறது. பல மாடல்களில் அது 600 மி.மீ. பாதரசத்தை ஒட்டியது. இங்கே புதியவர்கள் ஏமாறும் ஒரு சங்கதி உண்டு. எதிரழுத்தம் உள்ள பகுதியில் ஓ-ரிங் தேய்ந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். டிரே காய்ந்து கிடக்கும், ஆனால் கசிவு இருக்கும். கடத்துதிறன் மேலும் கீழும் துள்ளும், ரத்தக் கசிவு சென்சார் குமிழியை ரத்தமென்று எண்ணிக் கத்தும், பேலன்ஸும் பிசகும். மூன்று அலாரத்துக்கு மூன்று பாகம் மாற்றியவர்கள் உண்டு. மாற்ற வேண்டியிருந்தது ஒரு ரப்பர் வளையம்.

கடத்துதிறனைத் தனியே படித்துவிட்டுப் போங்கள். வழக்கமான டயாலிசேட் செ.மீ.க்கு 14 மில்லி சீமென்ஸ் அருகில் இருக்கும். எண் துள்ளினால் முதலில் காற்றைச் சந்தேகியுங்கள். நிலையாகக் குறைந்து நின்றால் கான்சன்ட்ரேட் (ஆசிட், பைகார்பனேட்டின் செறிந்த கரைசல்) கேன் தீர்ந்ததா, உறிஞ்சு குழாயின் வலை அடைத்ததா, கான்சன்ட்ரேட் பம்ப் தேய்ந்ததா, மெஷினின் செட்டிங்குக்குப் பொருந்தாத விகிதக் கான்சன்ட்ரேட் மாட்டப்பட்டதா என்று பாருங்கள். கேலிபரேஷன் கடைசியில்தான். அலாரம் அடிக்கிறதே என்று முதலில் கேலிபரேஷனைத் திருத்துவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. திரை 14 என்று காட்டும், உள்ளே ஓடுவது 13 ஆக இருக்கும். கடத்துதிறன் குறைவு என்றால் டயாலிசேட்டில் சோடியம் குறைவு. அது அதிகமாகக் குறைந்தால் நோயாளிக்குத் தசைப்பிடிப்பு, ரத்த அழுத்தச் சரிவு, இன்னும் குறைந்தால் ரத்தச் சிவப்பணு சிதைவு.

கேலிபரேஷன் செய்தே தீர வேண்டுமென்றால் அதற்கொரு வரிசை இருக்கிறது: வெப்பநிலை முதலில், கடத்துதிறன் பிறகு. ஒரு டிகிரிக்குக் கடத்துதிறன் சுமார் 2 சதவீதம் மாறும் என்பதால், வெப்ப சென்சார் 2 டிகிரி தவறாகக் காட்டினாலே 14-ல் 0.5க்கு மேல் பிசகிவிடும். கையில் வைத்து அளக்கும் மீட்டரும் உண்மை சொல்கிறதா என்று 25 டிகிரியில் 12.88 மில்லி சீமென்ஸ் காட்ட வேண்டிய நியமக் கரைசலில் முக்கிப் பாருங்கள். கடத்துதிறன் சரியாக வந்ததாலேயே கலவை சரி என்று ஆகிவிடாது. பம்பின் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்து எண்ணை எட்டிப்பிடிக்கும் மெஷின்களில் தவறான கேன்கூட ‘சரியான’ எண்ணைத் தந்துவிடலாம். சிவப்பு இணைப்பு ஆசிட்டுக்கு, நீலம் பைகார்பனேட்டுக்கு. பி.ஹெச். பட்டையில் 6.9க்கும் 7.6க்கும் இடையே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மெஷினை விட வேண்டும்.

கிருமிநீக்க மருந்துகள் பற்றி அவ்வளவாகப் படிக்க வேண்டாம், இரண்டு விஷயம் போதும். பைகார்பனேட்டால் படியும் கால்சியம் கார்பனேட் சிட்ரிக் ஆசிட்டில் கரையும், பிளீச்சில் கரையாது. பிளீச் புரதத்தையும் கொழுப்பையும் போக்கும். இரண்டும் வேண்டும், ஆனால் நடுவில் முழுமையாக அலசாமல் ஒன்றன்மேல் ஒன்று போனால் குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீர்ச் சுத்திகரிப்பு நம் வேலை இல்லை என்று பலர் ஒதுங்குகிறார்கள். 1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில், தண்ணீரில் கலந்த பாசி நச்சால் ஒரே டயாலிசிஸ் மையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மெஷின்களில் பழுதில்லை. மொத்தக் குளோரின் லிட்டருக்கு 0.1 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. மாதிரியை, குளோரினை அகற்றும் இரண்டு கார்பன் தொட்டிகளுக்கும் நடுவில் எடுக்க வேண்டும், அப்போதுதான் முதல் தொட்டி தீர்ந்ததை இரண்டாவது காப்பாற்றிக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடிக்க முடியும்.

பையில் என்ன வைப்பது? மல்டிமீட்டர், கடத்துதிறன் மீட்டர், பிரஷர் கேஜ், 50 மி.லி. சிரிஞ்ச், மூன்று வழி அடைப்பான், 1000 மி.லி. அளவு உருளை, ஆலன் கீ செட், டார்ச், போர்டைத் தொடும்போது கட்டும் ஆன்டி-ஸ்டேட்டிக் மணிக்கட்டுப் பட்டை. இவற்றோடு உங்கள் யூனிட்டில் இருக்கும் மாடல்களின் பெயர், சாஃப்ட்வேர் வெர்ஷன், ஓடிய மணி நேரம், கடந்த ஆறு மாதத்தில் வந்த அலாரங்கள், உள்ளே வரும் தண்ணீரின் அழுத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பயிற்றுநரிடம் கேட்க அதைவிட நல்ல கேள்வித்தாள் கிடையாது.

வகுப்பில் மெஷின் கைக்குக் கிடைக்கும்போது ஒரு சோதனையையாவது உங்கள் கையால் செய்துவிடுங்கள். டயலைசரின் இடத்தில் டி-இணைப்பு போட்டு, அதன் மூன்றாவது முனையின் குழாயை நீர் நிரம்பிய அளவு உருளைக்குள் விடுங்கள். மெஷின் சூடாகி, காற்று முழுக்க வெளியேறும்வரை காத்திருங்கள். முதலில் யு.எஃப். பூஜ்யத்தில் 30 நிமிடம்: நீர்மட்டம் அசையக் கூடாது. 1 சதவீதப் பிசகு இருந்தால் 150 மி.லி. ஏறியோ இறங்கியோ இருக்கும். பிறகு மணிக்கு 1000 மி.லி. வைத்து 30 நிமிடம்: 500 மி.லி. இறங்க வேண்டும். திருத்தம் செய்தால், திருத்துவதற்கு முன் கண்ட அளவு, திருத்திய பின் கண்ட அளவு, எந்த மீட்டரால் அளந்தது என்பதைத் தேதியோடு பதிவேட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அதே மெஷின் வரும்போது, எண் எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.