சொல் விளக்கம்: பாசி, மாஸ், பாசிச்செடி

ஒகேனக்கல்லுக்குக் குளிக்கப் போனால் வீட்டுப் பெரியவர்கள் "பாறை பாசி புடிச்சிருக்கும், பாத்துக் கால் வை" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். மழை விட்டதும் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பழைய மதில்களில் பச்சை மெத்தையாகப் படர்வதும் பாசி. குழம்புக்குத் தாளிக்கிற கல்பாசியும் பாசி. ஆனால் மூன்றும் வெவ்வேறு உயிர்கள். ஆற்றுப் பாறையை வழுக்க வைப்பது பெரும்பாலும் ஆல்கா. கல்பாசி, பூஞ்சையும் ஆல்காவும் கூடி வாழும் லைக்கன். மதிலில் இருப்பதுதான் இலையும் தண்டும் உள்ள குட்டிச் செடி. அதைத்தான் பாடப்புத்தகம் மாஸ் என்கிறது.

பாசி என்ற சொல்லுக்கு வேர், பச்சை நிறம். பசுமை, பாசிலை, பாசிப்பயறு எல்லாம் அதன் உறவு. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பாச்சி' என்பார்கள். ஓசூர்ச் சந்தையில் நின்றால் மூன்று மொழிக்கும் பொதுவான சொல் இது. பழைய இலக்கியத்தில் இது நீரோடு சேர்ந்தே வருகிறது. குறுந்தொகை 399ஆம் பாட்டில் பரணர், ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியை, காதலர் பிரிவால் பெண்ணின் மேனியில் படரும் பசலை நிறத்துக்கு உவமை சொல்கிறார்: காதலர் தொடத் தொட விலகும், விட விடப் பரவும். மதில் பாசியைத் தொட்டுப் பாருங்கள், விலகாது. ஆகவே ஆல்காவைப் பாசி என்பது பழைய வழக்கோடு நன்றாகவே பொருந்துகிறது.

சரி, மாஸ் என்றே எழுதிவிடலாமா? அந்தச் சொல்லும் தெளிவானதில்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சதுப்பு நிலம் என்று பொருள். இன்றும் ஆங்கிலம் பேசுவோர் 'ரெயின்டீர் மாஸ்' என்பது லைக்கன், 'ஐரிஷ் மாஸ்' என்பது கடற்பாசி. அதனால் நான் பாசிச்செடி என்று எழுதுகிறேன். ஊர்ச் சொல்லும் போகவில்லை, இது செடி என்பதும் விளங்கிவிடுகிறது. சுவர்ப்பாசி என்றும் சிலர் சொல்லக்கூடும், ஆனால் மரப்பட்டையிலும் மண்ணிலும் வளர்வதைச் சுவருக்குள் அடைக்க மனம் வரவில்லை.

இனம் பிரிக்கிறபோதுதான் நல்ல சொற்களின் அருமை தெரியும். ஹயோஃபிலா, பார்புலா என்ற பாசிச்செடிகள் இரண்டும் ஒரே குடும்பம். சுவரில் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். வெயிலில் காய்ந்த ஹயோஃபிலாவின் இலை, வெற்றிலையைச் சுருட்டுகிற மாதிரி, இரண்டு விளிம்பையும் உள்பக்கமாக மடக்கிக் குழல்போல் நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண்முன்னே விரிந்து, நாக்கு வடிவத்தில் அகலமாகத் தெரியும். பார்புலாவில் விளிம்பு பின்பக்கமாக மடியும், காய்ந்தால் இலையே முறுக்கிக்கொள்ளும். அப்புறம் காம்பின் நுனியில் உள்ள வித்துக்கூடு. மூடி விழுந்த பின் ஹயோஃபிலாவின் கூட்டு வாய் பொக்கையாக இருக்கும். பார்புலாவின் பல இனங்களில் அந்த வாயைச் சுற்றி நூல்போன்ற பற்கள் கயிறு திரித்ததுபோல் முறுக்கி நிற்கும். லத்தீனில் 'பார்பா' என்றால் தாடி. பார்புலா, சின்னத் தாடி.

கூடு எல்லா நாளும் கிடைக்காது. அது இல்லாத மாதங்களில் காய்ந்த இலை, நனைந்த இலை இரண்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டுதான் பெயர் எழுத வேண்டும்.