துரு ஏறும் வரிசையில் வர்ணம்: மாதிரி கூட்ஸ் வேகனை நிஜம்போல் ஆக்குவது

மேட்டூர் அனல் மின் நிலையத்தில் கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பும் காலி பாக்ஸ்என் வேகனை, அதாவது மேல் திறந்த கூட்ஸ் பெட்டியை, ரயில்வே மேம்பாலத்தின் மேலிருந்து பாருங்கள். கரி சுமக்கிற வண்டி, உள்ளே கன்னங்கரேலென்று இருக்கும் என்று தோன்றும். இருக்காது. கரி உரசி உரசி உள்சுவரில் பெயிண்ட் தேய்ந்துபோயிருக்கும்; ஈரக் கரியிலுள்ள கந்தகம் அமிலமாகித் தகட்டை அரிக்க, சுவரெங்கும் காவித் துரு படிந்திருக்கும். மூலையிலும் தரை ஓரத்திலும்தான் கறுப்பு தங்கும். மாதிரி வேகனின் உள்பக்கத்தைக் கறுப்படித்து முடித்தால் அது பொம்மையாகவே நின்றுவிடும்.

இந்த வேலையில் கைத்திறனைவிட வரிசைதான் பெரிது. நிஜ வண்டிக்கு முதலில் பெயிண்ட், பிறகு எழுத்து, பிறகு வெயில், கீறல், துரு, மழை இழுத்த கறை, கடைசியில் தூசி. மாதிரியிலும் அதே வரிசைதான். கூடவே ஒரு வேதியியல் கட்டுப்பாடும் உண்டு: மேலே வரும் பூச்சின் கரைப்பான் கீழே இருக்கும் பூச்சைத் தொடக்கூடாது. அடியில் அக்ரிலிக், அதன்மேல் மினரல் டர்பன்டைனில் கரைத்த ஆயில் பெயிண்ட், உச்சியில் உலர்ந்த பவுடர் என்று போவது இதனால்தான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை இதில் எங்கும் சேர்க்காதீர்கள். அது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே இளக்கி, கதவுக் கொண்டி முதல் ஏணிப்படி வரை மழுங்கடித்துவிடும்.

பிளாஸ்டிக்கில் வார்ப்பு அச்சின் எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயிண்ட் சுருண்டு விலகும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து அலசி ஒரு நாள் காயவிடுங்கள். அதன்பின் விரல் படக்கூடாது.

பூச்சு ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும். மாதிரி ரயிலின் எச்ஓ அளவு என்பது 1:87, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. கப்ளருக்குக் கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) 10.713 மீட்டர் நீளமுள்ள பாக்ஸ்என் அதில் 123 மி.மீ. ஆகிறது. ஒரு பூச்சு 25 மைக்ரான் என்றால், நிஜ வண்டியில் அது 2.2 மி.மீ. தடிமனுக்குச் சமம். நாலு பூச்சு அடித்தால் கிட்டத்தட்ட 9 மி.மீ.! ஆகவே காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 8 முதல் 10 செ.மீ. தூரம். பெயிண்ட் பால் பதத்தில் இருக்கட்டும். ஒரே அடியில் மூட முயலாமல் மூன்று மெல்லிய வீச்சில் மூடுங்கள்.

நம் ஊர்ப் பருவத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். சித்திரையில் ஈரோடு, கரூர் பக்கம் நண்பகலில் அக்ரிலிக் அடித்தால், துளி வண்டியைத் தொடுமுன்பே காற்றில் காய்ந்து, உப்புத்தாள்போல் சொரசொரப்பாகப் படியும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு சேர்த்து, விடியற்காலையில் அடியுங்கள். ஐப்பசி மழையில் இதற்கு எதிரான சிக்கல் வரும்: ஸ்பிரே வார்னிஷின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, வெள்ளை மூட்டமாகிவிடும். அன்றைக்கு வார்னிஷ் வேண்டாம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் வரும் காற்று, ஈரப் பெயிண்டில் மண்ணை ஒட்டவைக்கும். அடித்த கையோடு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிடுங்கள்.

அடிநிறம் ரெட் ஆக்ஸைடு. டப்பாவில் உள்ளபடியே அடித்தால் சிறிய உருவில் கூடுதல் அடர்த்தியாகத் தெரியும். எட்டுக்கு ஒரு பங்கு வெளுப்பான நிறம் கலக்க வேண்டும். சுத்த வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும், மணல் நிறம் கலந்தால் வெயிலில் வெளுத்ததுபோல் வரும்.

எழுத்துக்கான டெக்காலை, அதாவது நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய எழுத்துப் படலத்தை, மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் வெள்ளிபோல் மினுங்கும். சொரசொரப்பின் பள்ளங்களில் சிக்கிய காற்று ஒளியைச் சிதறடிப்பதே காரணம். முதலில் பளபளப்பு வார்னிஷ் அடித்து, அதன்மேல் டெக்கால் ஒட்டி, படலத்தை இளக்கிப் படியவைக்கும் செட்டிங் திரவம் விடுங்கள். எண்ணையும் சரியாகப் போடுவோம். இந்திய வேகன் எண்ணில் 11 இலக்கம்: வகைக்கு இரண்டு, உரிமையுள்ள ரயில்வேக்கு இரண்டு, தயாரித்த ஆண்டுக்கு இரண்டு, வரிசை எண்ணுக்கு நான்கு, கடைசியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று. முதல் பத்து இலக்கத்தில் 2, 4, 6 என இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டலைச் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதுவே கடைசி இலக்கம். 1004123456 என்று எடுத்தால் 16×3=48, அதோடு 10, மொத்தம் 58; கடைசி இலக்கம் 2. இதைச் சரிபார்க்கிற ரசிகர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

கறைக்கு, பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) ஆயில் பெயிண்ட் ஒரு பங்கு, மினரல் டர்பன்டைன் பத்துப் பங்கு. பிரஷ் நுனியை ஒரு சட்டத்தின் ஓரத்தில் தொட்டால் போதும், நுண்குழாய் விசையே அதை மடிப்பு வழியாக இழுத்துக்கொண்டு போகும். அரை மணி கழித்து, டர்பன்டைன் லேசாகத் தொட்ட பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். மழை பக்கவாட்டில் வழியாது. மதுக்கரை சிமெண்ட் ஏற்றும் மூடிய வேகன் என்றால் கதவின் கீழே சாம்பல் வெள்ளைத் தாரை வேண்டும்.

பலரும் ஏமாறுவது பவுடரில். சாஃப்ட் பேஸ்டல் என்னும் வண்ணக் குச்சியைப் பிளேடால் சுரண்டி அழகாகத் தூவுவார்கள். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்ததும் பாதி மறைந்துவிடும். பவுடர் எங்கும் போகவில்லை. துகளுக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண்ணில் பெரிய வித்தியாசம் இருந்ததால் ஒளி சிதறி, வெளிறித் தெரிந்தது. அந்த இடைவெளியை 1.5 அளவு ஒளிவிலகல் எண்ணுள்ள வார்னிஷ் நிரப்பியதும் சிதறல் குறைந்துவிட்டது. செம்மண் தரையில் தண்ணீர் தெளித்தால் நிறம் அடர்ந்து போவதும் இதனால்தான். எனவே வார்னிஷை முதலில் அடித்துவிட்டு, தூசியைக் கடைசியில் தூவி அப்படியே விடுவது நல்லது. கைபடும் வண்டி என்றால் பவுடர் தூவல், மெல்லிய வார்னிஷ் வீச்சு என்று மூன்று முறை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒட்டவைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டால் அடியிலுள்ள அக்ரிலிக் இளகும்.

சக்கரத்தின் முகத்துக்கு அடர் பழுப்பு. பிரேக் உரசலில் பறக்கும் தூளின் நிறம் அது. சக்கரங்களைத் தாங்கும் போகிச் சட்டம் முழுக்கவும் அதுதான். தண்டவாளத்தில் உருளும் விளிம்பில் பெயிண்ட் பட்டால் வண்டி குலுங்கும், தண்டவாளமும் அழுக்காகும். ரோட்டில் கிடக்கும் செம்மண்ணைக் கொஞ்சமாய்ப் போடுங்கள், வேகன் நாடெங்கும் சுற்றுவது, ஒரே ஊர் மண் மட்டும் அதில் படியாது.

சுமைக்கு நிஜ நிலக்கரியே மேல். அடுப்புக்கரி மங்கலாக இருக்கும், நிலக்கரியின் உடைபரப்போ மினுங்கும். 50 மி.மீ. கட்டி மாதிரியில் 0.6 மி.மீ.தான், எனவே நொறுக்கி மாவு சல்லடையில் சலியுங்கள். அடியில் தெர்மோகோலை மேடாகச் செதுக்கி வைத்தால் எடை ஏறாது. ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, சோப்பு ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் பரப்பு இழுவிசையால் பசை கரிமேல் முத்தாக உருண்டு, துகளையும் இழுத்துக்கொண்டு ஓடும். டிராப்பரால் ஓரத்திலிருந்து விட்டு, ஒரு ராத்திரி காயவைத்து, கவிழ்த்துத் தட்டுங்கள். உதிர்ந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு சொட்டு.