வெல்டிங் புகையில் பிறக்கும் நானோ துகள்கள்

நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகமிகச் சிறிய துகள் என்றால் ஆய்வகச் சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கடலூர் முதுநகரில் படகு வேலை நடக்கும் இடங்களிலும், தெருவுக்குத் தெரு இருக்கும் கிரில் பட்டறைகளிலும் அது தினமும் உற்பத்தியாகிறது.

துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயான ஜி.ஐ. பைப்பை வெல்டிங் வைக்கும்போது கவனியுங்கள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பும். இரும்பு உருக ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸ் வேண்டும். பைப்பின் மேல் பூசியிருக்கும் துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சட்டென்று குளிர்ந்து துத்தநாக ஆக்சைடு துகளாகிறது. பெரும்பாலானவை 100 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். இந்தத் துகள்கள் பிறந்த வேகத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டி, சரம் சரமாக மிதக்கும்.

பெரிய தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். இவை நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடும். சில மணி நேரம் கழித்து குளிர், காய்ச்சல், உடம்புவலி, வாயில் ஒரு உலோகச் சுவை. மருத்துவர்கள் இதை உலோகப் புகைக் காய்ச்சல் என்கிறார்கள். ஓரிரு நாளில் விட்டுவிடுவதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு டம்ளர் பால் குடித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தொழிலில் உண்டு. பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு! காய்ச்சலைவிட என்னைக் கவலைப்பட வைப்பது வேறு: எந்த உலோகமானாலும் வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வகைப்படுத்திவிட்டது.

இவ்வளவு சிறிய துகளை முகக்கவசம் தடுக்குமா? என்95 தடுக்கும். அது சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. காற்று மூலக்கூறுகள் முட்டி முட்டித் தள்ளுவதால் நுண்துகள் நேராகப் போகாமல் அலைபாயும். அலைந்து இழையில் மோதினால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இழையில் உள்ள மின்னேற்றமும் இழுத்துப் பிடிக்கும். ஆனால் தாடி இருந்தாலோ, மூக்கோரம் சரியாக அழுத்தாவிட்டாலோ இடைவெளி வழியே புகை உள்ளே வந்துவிடும். முகத்தில் கட்டிய துண்டு, கைக்குட்டை எதற்கும் உதவாது.

முகக்கவசத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு. கவசம் போட்டுக்கொண்டு, பற்றவைக்கும் இடத்தில் மட்டும் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடலாம். புகை கிளம்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே உறிஞ்சும் குழாய் வைக்கலாம். வெளியில் வேலை என்றால், கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நிற்கலாம். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புகை சுழன்று முகத்துக்கே வரும். படகின் அடிப்பகுதிக்குள் இறங்கி வெல்டிங் வைப்பவருக்கு இந்தக் காற்றும் கிடைக்காது. அங்கே புகையை உறிஞ்சி வெளியேற்றும் வசதி செய்யாமல் ஆளை இறக்கக் கூடாது.